நீ கண்டுபிடித்துக் கொடுத்த என் தங்கை

இன்று காலை உன் முதல் புத்தகத்தில் முத்திரை குத்தியவள் நான்தான்.

நூலகத்தில் என் வேலை உனக்குத் தெரியும். திரும்பி வருகிற புத்தகங்களை இடம் பார்த்து அடுக்குவது. இடைக்கிடை இன்னொரு வேலையும் வந்து சேரும். இரண்டு வருடங்களாக ஒருவரும் எடுக்காத புத்தகங்களின் பட்டியலைக் கணினி தரும். அவற்றைத் தேடியெடுத்து, முதல் பக்கத்தில் 'நீக்கப்பட்டது' என்று கறுப்பு மையில் குத்தி, வாசலோரம் நிற்கிற வண்டியில் வைக்கவேண்டும். இன்றைய பட்டியலில் பதினேழாவதாக உன் பெயர் இருந்தது. அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் நீ போய் இரண்டு வருடம் ஆகிவிட்டதென்று எனக்கு உறைத்தது.

புத்தகத்தை விரித்தபோது பழைய பசையின் மணம் வந்தது. முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் நின்றிருக்கிறேன் போல. மேற்பார்வை பார்க்கிற தாரணி, இங்கே கனடாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை, பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அன்ரி, ஆர் யூ ஓகே? இந்த புக் உங்களுக்கு வேணுமெண்டா நீங்களே எடுங்கோ. யாரும் வாசிக்கிறேல்லத்தானே."

"வேண்டாம் பிள்ளை," என்றேன். "என்னட்ட ஒண்டு இருக்கு."

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்லவேண்டும். உன் புத்தகங்கள் எங்கள் நூலகத்தில் இத்தனை காலம் நின்றது வாசகர்களால் மட்டுமில்லை. பட்டியலில் வந்துவிடக்கூடாதென்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றாக நான் எடுத்துக்கொண்டு போவேன். ஒருமுறை என் அட்டையில், அடுத்தமுறை இவரின் அட்டையில், பிறகு மகளின் அட்டையில். மோர்னிங்சைட்டில் இருக்கிற வீடு வரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய், மூன்று கிழமை மேசையில் கிடத்திவிட்டுத் திரும்பக் கொண்டுவருவேன். உன்னோடு நான் கதைக்காமல் இருந்த பதினொரு வருடமும் அதைச் செய்தேன். நீ போன பிறகுதான் கை வரவில்லை.

நீ எழுத்தாளர் ஆனதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்புத்தான் வரும். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் பாடத்துக்கு என் கொப்பியைப் பார்த்து எழுதியவள் நீ. இருபது வயதில் கலியாணம் செய்து லண்டனுக்குப் போனாய். அந்தக் கலியாணம் மூன்று வருடம்கூட நிலைக்கவில்லை. பிறகு லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில், பழங்காலப் பொருட்களை வைத்திருக்கிற ஒரு சின்ன நூதனசாலையில், காவலுக்கு இருக்கிற வேலை கிடைத்தது. பொருட்களை ஒருவரும் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. நீ இருக்கிற கதிரைக்கு நேரே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குழந்தை காலில் போட்ட தோல் சப்பாத்து இருந்ததாம். ஒற்றைச் சப்பாத்து. ஐந்நூறு வருடம் பழையது, ஒரு வீட்டுச் சுவருக்குள் இருந்து எடுத்தது.

நான் ரொறொன்ரோவுக்கு வந்து சேர்ந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் இரண்டு குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நீ என்னைத் தொலைபேசியில் எடுப்பாய். உனக்கு அங்கே பின்னேரம் மூன்று மணி. நடைபாதைக் கதவோரம் தொலைபேசி வயரை இழுத்துக்கொண்டு நின்று கதைப்பேன்.

"நாள் முழுக்க ஒரு சின்னச் சப்பாத்தைப் பாத்துக்கொண்டு இருந்தா ஆருக்கும் விசர் பிடிக்குமடி. எனக்குக் கதை பிடிச்சிருக்கு," என்றாய் ஒருநாள்.

அந்தச் சப்பாத்தைப் போட்ட பிள்ளையைப் பற்றித்தான் உன் முதல் புத்தகம். ஒன்பது இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். பத்தாவது இடத்தில் எடுத்தார்கள். உன் பெயர் அட்டைக்கு நீளம் என்று சொல்லி, முதலெழுத்துகளையும் உன் அப்பாவின் பெயரில் பாதியையும் போட்டார்கள். படித்தவர்கள் நீ ஒரு வெள்ளைக்காரி, அதுவும் ஒரு கிழவி என்று நினைத்துக்கொண்டார்கள். முதன்முதலாக ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கதை வாசிக்கப் போனபோது முன்வரிசைப் பிள்ளை ஒன்று கையை உயர்த்தி, எழுத்தாளர் எப்போது வருவார் என்று உன்னிடமே கேட்டதாம். நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். சிரிப்பு முடிந்த பிறகு, அந்தப் பிள்ளையின் கேள்வியை இன்னொருமுறை மெதுவாகச் சொன்னாய். அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பிறகு புத்தகங்கள் வரிசையாக வந்தன. கொள்ளைநோய்க் காலத்தில் உடுப்புத் தோய்க்கிற சிறுமி, உப்பளத்தில் வேலை செய்த இரட்டையர்கள், அரசனுடைய தலையை வெட்டிய காலத்தில் கடிதம் காவிக்கொண்டு திரிந்த ஊமைப்பிள்ளை. எல்லாம் உன் கதிரையைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருந்த சாமான்களில் இருந்து பிறந்தவை. புத்தகம் ஆறு ஆன பிறகும் நீ அந்தக் காவல் வேலையை விடவில்லை. இங்கே எங்கள் ஆட்கள் என்னிடம் கேட்பார்கள்: உங்கட சிநேகிதி ஏன் எங்களைப் பற்றி எழுதுறா இல்லை? உன்னிடம் அதைச் சொன்னபோது, "அவையளுக்குச் சொல்லு, நான் எழுதுறது முழுக்க எங்களைப் பற்றித்தான் எண்டு," என்றாய். ஏதோ கெட்டித்தனமாகச் சொல்கிறாய் என்றுதான் அப்போது நினைத்தேன்.

வதனியைப் பற்றி நான் உன்னிடம் சொன்னது அந்த நாட்களில்தான். அவள் எங்கள் வீட்டுக் கடைக்குட்டி. எனக்கும் அவளுக்கும் பதினைந்து வயது வித்தியாசம். சண்டைக்குள் ஊரே இடம்பெயர்ந்த அன்று மழை. பாலத்தில் சனம் அடைத்துக்கொண்டு நின்றது. வலதுகையில் பை, இடதுகையில் அவள். காய்ச்சலில் அவளுடைய கை சுட்டுக்கொண்டிருந்தது. பின்னால் எங்கோ குண்டு விழ, சனம் ஒரேயடியாகத் தள்ளியது. அக்கரையில் இறங்கிப் பார்த்தபோது என்னிடம் பை மட்டும் இருந்தது. அவளுக்கு ஒன்பது வயது. இதை நான் கட்டின மனுசனிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. கையை நான் விட்டுவிட்டேன் என்பதை எப்படிச் சொல்ல? உன்னிடம் மட்டும், அதுவும் தொலைபேசியில், முகம் தெரியாது என்ற துணிவில் சொன்னேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. அழுதாய்.

நாலு வருடம் கழித்து உன் ஏழாவது புத்தகம் நூலகத்துக்கு வந்தது. புது அட்டையின் வழுவழுப்பு இன்னும் விரலில் இருக்கிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போதே முதல் பக்கத்தை வாசித்தேன். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய இங்கிலாந்து. ஒரு நகரத்தைப் படை சூழ்ந்துகொள்ள, சனம் ஓடுகிறது. மழை. ஒரு மரப்பாலம். இரண்டு பெண்பிள்ளைகள். இளையவளுக்குக் காய்ச்சல்.

சிறுவர் பிரிவில் அந்தக் குட்டிக் கதிரையில் இருந்து முழுதையும் வாசித்து முடித்தேன். கடைசி அத்தியாயத்தில், பாலத்துக்கு அங்கால் ஒரு மாவரைக்கிறவன் வீட்டில், அடுப்போரம் இருந்து பாண் ரொட்டியைப் பூனைக்குப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள் இளையவள். அக்காக்காரி கதவைத் திறக்கிறாள். அதோடு கதை முடிகிறது.

அந்த ஞாயிறு நீதான் ஆவலாகக் கேட்டாய். "வாசிச்சிட்டியோ?"

"வாசிச்சன். அது வதனியடி."

"பேரை மாத்திட்டன். ஊரை, காலத்தை, எல்லாத்தையும் மாத்திட்டன். ஆருக்கடி தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

நீ ஏதோ சொல்ல வந்தாய். நான் விடவில்லை. "எழுதினதைக்கூடப் பொறுத்திடுவன். ஏன் கடைசியில அவளைக் கண்டுபிடிச்சுக் குடுத்தனீ?"

"சின்னப் பிள்ளையள் வாசிக்கிற புத்தகம். வேற மாதிரி முடிக்க எடிட்டர் விடமாட்டா."

"உன்ர எடிட்டர் ஆரடி, வதனியைத் திருப்பித் தாறதுக்கு?"

வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஞாயிறு பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தால் இவரை எடுக்கச் சொல்வேன். "அவ வெளிய போட்டா," என்று அந்த மனுசன் பாவம் எத்தனை பொய் சொல்லியிருக்கும். ஒரு கட்டத்தில் அடிப்பது நின்றது.

அந்தப் புத்தகம்தான் உன்னைத் தூக்கி நிறுத்தியது. பரிசு கிடைத்தது. அந்தக் காவல் கதிரையை விட்டு எழும்பினாய். இங்கே பள்ளிக்கூடங்களில் பாடமாகவே வைத்தார்கள். நூலகத்தில் அதற்கு மட்டும் என் உதவி தேவைப்படவில்லை. திரும்பி வந்த அன்றே யாராவது எடுத்துவிடுவார்கள். மழைநீரும் சொக்லேற்றும் பட்ட பக்கங்களோடு வரும். நான் துடைத்து அடுக்குவேன். பத்து வயதில் என் மகளே அதை வகுப்பிலிருந்து கொண்டுவந்து, கட்டிலில் குப்புறப் படுத்து வாசித்து, கண் வீங்க ஓடிவந்தாள். "அம்மா, ஷீ ஃபைண்ட்ஸ் ஹெர்! தங்கச்சி கிடைச்சிட்டா!" என்றாள். நான் அவளைப் பிடித்து அணைத்திருக்கலாம். "உந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவராதை" என்றேன். அவளுக்கு ஏனென்று விளங்கவில்லை. பிறகு அவள் கேட்கவுமில்லை.

இவர் செத்துப்போனபோது நீ அனுதாப மட்டை ஒன்று அனுப்பினாய். உன் கையெழுத்தில் நாலு வரி. அதற்கும் நான் பதில் போடவில்லை. மகள் படிக்கவென்று கல்கரிக்குப் போனாள். வீட்டில் ஒரு கோப்பை, ஒரு தட்டு என்று ஆனது. வேலையில் ஆட்களோடு பேசுவேன். வீட்டுக்கு வந்தால் அடுத்தநாள் காலை வரை குரல் தேவைப்படாது.

அந்த நிலையில்தான், அஜின்கோர்ட்டில் ஒரு நூலகத்துக்கு நீ கதை வாசிக்க வருகிறாய் என்ற அறிவித்தல் எங்கள் பலகையிலும் ஒட்டப்பட்டது. ஒட்டியதே நான்தான்.

போவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டு போனேன். கடைசி வரிசையில், கோட்டைக் கழற்றாமல் இருந்தேன். நீ மெலிந்திருந்தாய். தலை முழுக்க நரை, சாயம் பூசவில்லை. சேலை கட்டியிருந்தாய், அதுவும் நீ கட்டினால் எப்போதும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், அப்படியே. என்னைக் கண்டாயோ இல்லையோ தெரியவில்லை. பாலம் வருகிற அந்தப் புத்தகத்திலிருந்து வாசித்தாய். பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். உங்களுக்கு நாய் இருக்கிறதா, ஒரு புத்தகம் எழுத எத்தனை நாள் என்றெல்லாம் கேட்ட பிறகு, பல்லுக் கம்பி போட்ட ஒரு பெண்பிள்ளை எழும்பினாள்.

அக்கா ஏன் தங்கையின் கையை விட்டாள் என்று கேட்டாள்.

நீ கையிலிருந்த தண்ணீர்க் கிளாசை மேசையில் வைத்தாய்.  பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்து ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாய்: தான் விட்டதாக அவளே நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் அப்படி எழுதவில்லை. வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தை இன்னொருமுறை வாசித்துப் பாருங்கள்.

கையெழுத்துக்கு வரிசை நின்றது. நான் நிற்காமல் வெளியே வந்து பஸ் எடுத்தேன். வீட்டுக்கு வந்து, கோட்டோடு கதிரையில் இருந்து, மகளின் அலுமாரிக்குள் கிடந்த அந்தப் புத்தகத்தை எடுத்தேன். அவள் எங்கேயோ வாங்கி, எனக்குத் தெரியாமல் வைத்திருந்திருக்கிறாள். பாலம் வருகிற பக்கத்தை நான் முன்னர் வாசித்தது ஒரேயொரு தடவை. கோபத்தில், ஓடி ஓடி வாசித்தது. இப்போது ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். விட்டாள் என்று எங்கேயும் இல்லை. நழுவவிட்டாள் என்றும் இல்லை. கை இருந்த இடத்தில் கை இல்லை என்று மட்டும் எழுதியிருந்தாய்.

இருபது வருடம் எனக்கு நானே சொல்லிவந்த வசனத்தை நீ மாற்றி எழுதியிருக்கிறாய். எத்தனையோ வருடமாக அது என் வீட்டு அலுமாரிக்குள் கிடந்திருக்கிறது.

அடுத்தநாள் நீ தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போன் எடுத்தேன். "நான்தான்," என்றேன். "ஓம், தெரியும். கடைசி வரிசை, பச்சைக் கோட்டு," என்றாய்.

ஹோட்டலுக்குக் கீழே இருந்த கோப்பிக் கடையில் இருந்தோம். வெளியே தண்டவாளத்தில் ஸ்ரீற்கார் போய்வந்துகொண்டிருந்தது. இருவரும் முதலில் சாப்பாடு, குளிர், முழங்கால் என்று கதைத்தோம். பிறகு நீயாகவே தொடங்கினாய்.

"எடிட்டர் எண்டு சொன்னது பொய்யடி. நான் முதல் எழுதினதில அவள் கிடைக்கேல்ல. எடிட்டருக்கு அதுதான் பிடிச்சது, இப்பிடியே விடுவம் எண்டவ. நான்தான் மாத்தினன்."

"ஏன்?"

"எனக்குத் தாங்கேலாமல் கிடந்தது. நான் லண்டனுக்கு வெளிக்கிடேக்க அவளுக்கு அஞ்சு வயசு. என்ர சூட்கேசுக்கு மேல ஏறி இருந்துகொண்டு இறங்கமாட்டன் எண்டு நிண்டவள். நீதான் தூக்கி இறக்கினனீ. எனக்கும் அவளைத் தெரியுமடி. நீ போன்ல சொன்னாப்பிறகு நான் ஆரிட்டச் சொல்லி அழ? இஞ்ச எனக்கு ஆர் இருக்கினம்?"

அவ்வளவு காலமும் அவள் எனக்கு மட்டும்தான் தொலைந்தாள் என்று இருந்துவிட்டேன். அந்த ஊரில், அந்தக் கதிரையில், வதனியைத் தெரிந்த ஒருவரும் இல்லாமல் நீ இருந்ததை நான் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து உன் கையைப் பிடித்தேன். கோப்பி ஆறும்வரை அதை விடவில்லை.

ஞாயிறு பத்து மணி திரும்ப வந்தது. அதற்குள் உன் புத்தகங்களின் காலம் மெல்ல இறங்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொன்றாக அச்சில் இல்லாமல் போயின. பள்ளிக்கூடங்கள் வேறு புத்தகத்துக்கு மாறின. "நானே இப்ப சரித்திரம்," என்று சொல்லிச் சிரித்தாய். கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எட்டு வருடம் அப்படிப் போனது. பிறகு வயிற்றில் வந்த நோயைச் சொன்னாய். நான் வரவா என்று கேட்டபோது, "வந்து என்ன செய்யப்போறாய்? உனக்குச் சமைக்கவும் தெரியாது," என்றாய். உன் குரலில் அப்போதே காற்று குறைந்திருந்தது. நான் கேட்டிருக்கக்கூடாது, வெளிக்கிட்டு வந்திருக்கவேண்டும்.

கடைசி மாதம் ஒரு ஞாயிறு, நீ சொன்னாய்: "எனக்கு இன்னொருக்கா எழுதவேணும். இந்தமுறை எங்கட ஊரில, எங்கட பேரில. அப்ப எனக்கு எழுதத் தெரிஞ்சுது, கேக்கத் தெரியேல்ல. இப்ப கேக்கிறன். முதலில இருந்து சொல்லு."

மூன்று ஞாயிறு சொன்னேன். நீ படுக்கையில் தொலைபேசியைக் காதோடு வைத்திருப்பாய். மருந்து ஏற்றுகிற இயந்திரத்தின் சின்னச் சத்தம் கேட்கும். நான் நிறுத்துகிற இடமெல்லாம் "பிறகு?" என்பாய். அவ்வளவுதான். வேறு ஒரு சொல்லும் இல்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் பாலம் கடந்தேன், மழை கடந்தேன், அவளைத் தேடி அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அப்பாவோடு அலைந்ததைச் சொன்னேன். மூன்றாவது ஞாயிறு, அப்பா இனித் தேடவேண்டாம் என்று சொன்ன நாள் வரை வந்தேன். "பிறகு?" என்றாய். உனக்கு மூச்சு வாங்கியது. "மிச்சம் அடுத்த கிழமை," என்றேன்.

வியாழக்கிழமை உன் பக்கத்து வீட்டுப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது.

அந்த மிச்சத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை. மகளிடம் சொல்லலாம் என்று இரண்டுமுறை தொலைபேசியைக் கையில் எடுத்தேன். அவளுக்கு வதனியைத் தெரியாது. எங்கேயிருந்து தொடங்குவதென்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத்தான் தொடக்கம் தேவையில்லை. அதனால் உனக்கே எழுதிவிடுகிறேன், கேள்.

அப்பா நிறுத்திவிட்டார். அம்மா அவள் பெயர் சொல்வதை நிறுத்திவிட்டா. அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பலாம் என்றபோது, ஒருவருக்கும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பாலத்துக்குப் போனேன். நல்ல வெயில். ஒரு சனம் இல்லை. கீழே தண்ணீர் வற்றி, உப்புப் படிந்து வெள்ளையாகக் கிடந்தது. சைக்கிளைச் சாத்திவிட்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தேன். எத்தனையோ மணிநேரம் கடந்தோம் என்று நான் நினைத்திருந்த பாலம். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அவ்வளவு சின்னப் பாலமடி அது. நம்பாமல் திரும்ப நடந்தேன். திரும்பத் திரும்ப நடந்தேன். ஆறாவதோ ஏழாவதோ தடவைதான் கவனித்தேன்: என் இடதுகை சும்மா தொங்கவில்லை. உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி, பின்பக்கமாக, ஒரு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் விரிந்தபடி வந்துகொண்டிருந்தது.

இதுதான் மிச்சம். இப்போதும் கென்னடி ரயில் ஸ்ரேசனில் வேலை விட்ட சனம் நெருக்கித் தள்ளும்போது, எனக்குத் தெரியாமலே அந்தக் கை அப்படிப் போய்விடும். யாராவது இடித்துவிட்டு "ஸொறி" என்று சொன்ன பிறகுதான் எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைப்பேன்.